ரோட்டைப் பார்த்த வண்டி

வண்டியை முன்னும் பின்னும் இரண்டு தடவை ஆட்டி, மூக்கு ரோட்டைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்திய பிறகுதான் சாவியை உருவுவாள். சந்தை, ஆஸ்பத்திரி, தம்பியின் டயர் கடை, எங்கே போனாலும் இதே கூத்து. "அக்கா ஓடத் தயாரா இருக்கு" என்று தெருவே சிரிக்கும். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஊருக்கு மேலே நிற்கும் எரிமலையைக் கண்காணிக்கும் நிலையத்தில் கருவி பார்க்கிறவள். பதினெட்டு வருடமாக மலைச் சரிவில் ஏறி, மண்ணில் புதைத்த பெட்டிகளுக்கு பேட்டரி மாற்றி, எலி கடித்த ஒயரை ஒட்டி, அங்கங்கே அடித்துவைத்த இரும்பு முளைகளுக்கு நடுவே தூரம் அளக்கிறாள். நகம் வெட்டினால் துணுக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். "கடல் தரையும் நகம் வளர்ற வேகத்துலதான் நகருது" என்பாள். வீட்டில் யாரும் 'உம்' கொட்டுவதில்லை.

ஊர் அவளுக்கு வைத்த பெயர் மூணுநாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் கொடுத்த அளவை நம்பி ஊரே பள்ளிக்கூட ஹாலில் மூன்று நாள் படுத்துக் கிடந்தது. மலை ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

இன்று மத்தியானம் தம்பியின் டயர் கடைக்குள் வேகமாக நுழைந்தாள். நாலே நாளில் இரண்டு முளைகளுக்கு நடுவே தூரம் ஒரு சாண் கூடிவிட்டது. நிலையமோ, 'விரும்புகிறவர்கள் வெளியேறலாம்' என்று மட்டும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. போன தடவை பட்ட சூடு அவர்களுக்கும்தான். கடைக்கு மேல்மாடியில் தம்பி மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

"வா மூணுநாளு" என்றான் தம்பி, டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கியபடி. "இந்தத் தடவை எத்தனை நாளு?"

அவள் தரையில் கிடந்த கார் மிதியடி இரண்டை எடுத்தாள். ஒன்றைத் தொட்டியில் நனைத்து மற்றதன் அடியில் தள்ளினாள். மேலே இருந்தது சுருங்கி எழுந்தது.

"கீழ நுழையறது கடல் தரை. மேல மடியுது பாரு, அதான் நமக்குப் பின்னாடி நிக்கிற மலை வரிசை. ஈரம் உள்ள போனா ஆழத்துல கல்லு சீக்கிரம் உருகும். உருகினது மேல வர வழி தேடும்."

"எல்லாம் கேட்ட கதை. எப்ப வெடிக்கும், அதச் சொல்லு."

"தெரியாது. நாலு நாள்ல மலை ஒரு சாண் வீங்கிருக்கு. வெடிக்காமலும் போகலாம்."

"அப்புறம் எதுக்குக்கா உசுர வாங்குற?"

சுவரில் தொங்கிய ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று லேசாக உரசின. தொட்டித் தண்ணீரில் வளையங்கள் ஓடி அடங்கின.

அவள் மூலையில் சாய்த்திருந்த டயரைக் காட்டினாள். பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு.

"இத ஏன் கழட்டுன?"

"பக்கம் வீங்கிருச்சு."

"ஓடிக்கிட்டுதானே வந்துச்சு?"

"ஓடும். இன்னும் ஒரு மாசம்கூட ஓடும். இல்ல, தெரு முனையிலயே பட்டுன்னு போகும்."

"எப்ப வெடிக்கும்னு வண்டிக்காரன் கேக்கலையா?"

"கேட்டான்" என்றவன் அப்படியே நின்றான். டயரைப் பார்த்தான். ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான்.

கையைக்கூடத் துடைக்காமல் மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்: "பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு இறங்கு. போட்டது போட்டபடி."

வெளியே அவன் வேன் வழக்கம்போல் மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அவன் ஏறி ஸ்டார்ட் செய்தான். அவள் பின்னால் போய் நின்றுகொண்டு, "வா, வா, இன்னும் வா, ஸ்டியரிங்க ஒடி" என்று கையசைத்தாள். மூக்கு ரோட்டுக்குத் திரும்பியதும், வேனின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள்.