ஒரு பாட்டில் ஊற்றுத் தண்ணீர்

எனக்கு வயது ஐம்பது. நூறு வயதுக்காரர்கள் நிறைந்த சீனக் கிராமம் ஒன்றில் இரண்டு வாரம் தங்கிவிட்டு, பிபி இறங்கிய பூரிப்பில் அமெரிக்காவில் பிளானோவில் உள்ள வீட்டுக்குத் திரும்பினேன். அந்த ஊர் ஊற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் கொண்டுவந்திருந்தேன். மறுநாள் மனைவி அதில் ரசம் வைத்துவிட்டாள்.

“சாதா தண்ணின்னு நெனச்சேங்க,” என்றாள்.

காலி பாட்டிலைச் சுவரில் அடித்தேன். சில்லு தெறித்து அவள் நெற்றி கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்த பிறகும் அறைந்தேன். மகள், பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, 911-க்கு போன் செய்தாள்.

போலீஸ்காரர் எனக்கு விலங்கு மாட்டியபோது, நெற்றியில் துண்டை அழுத்தியபடி வந்த மனைவி அவரிடம் என் மாத்திரை அட்டையை நீட்டினாள். “பிபி டேப்லெட்டை மறக்காம போட்டுக்குங்க,” என்றாள் என்னிடம்.

நூறு வயதுக்கு ஆசைப்பட்டவன் நான். மீதி ஐம்பதையும் அவள் என்னோடு கழிக்க வேண்டுமே என்பது அன்றுதான் உறைத்தது.