இரண்டு கோப்பிலும் ஒரே பெயர்

உக்குவளையில் பிலோமினாவைத் தெரியாதவர்கள் குறைவு. அடையாள அட்டையில் தேடினால் மட்டும் அகப்படமாட்டாள். பிறப்பைப் பதிந்த எழுத்தர் 'பிலிமோனா' என்று எழுதித் தொலைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும் இடாப்பிலும் அதுவே ஏறியது. யாரோ ஒருத்தியின் பெயருக்கு முப்பத்தொரு வருசமாகக் கை தூக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவளும் இன்னும் நாலு பேரும் ரஜீவின் கம்ப்யூட்டர் வகுப்பில் கூடுவார்கள். எவரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய ஓர் இயங்குதளத்துக்கு மென்பொருள்களைப் பொதியாகக் கட்டப் பழகினார்கள். சம்பளம் கிடையாது, பிளேன்டீ உண்டு. மூன்று மாதம் மல்லுக்கட்டி, ஒரு தமிழ் எழுத்துருவைப் பிலோமினா பொதியாகக் கட்டி முடித்தாள். சோதித்துப் பார்த்த கம்ப்யூட்டர் ஒரு குறை சொன்னது: பொதிக்குப் பொறுப்பானவர் ஒருவர், மாற்றங்களைச் செய்தவர் வேறொருவர்.

பொதியின் ஒரு கோப்பில் அட்டைப் பெயரைப் போட்டிருந்தாள். மற்றதில் கைப்பழக்கத்தில் சொந்தப் பெயர் விழுந்திருந்தது.

"பிலிமோனாக்கா, உங்க வேலைய யாரோ களவெடுத்துட்டாங்க!" என்று அட்டைப் பெயரைச் சொல்லிக் கேலி செய்தான் ரஜீவ். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவன் குரலைத் தணித்தான். "ரெண்டுலயும் அட்டைப் பெயரப் போடுங்கக்கா. அட்டையப் பார்த்துத்தான் இயங்குதளக்காரங்க உங்கள ஏத்துக்குவாங்க. இன்னைக்கே அனுப்பலாம்."

"சொந்தப் பெயரப் போட்டா?"

"அட்டையத் திருத்துற வரைக்கும் பொதி இங்கயே கிடக்கும். வருசமும் ஆகலாம்."

அவள் இரண்டு கோப்பிலும் பிலோமினா என்று அடித்தாள்.

"கிடக்கட்டும் தம்பி. மூணு மாசமா இதக் கட்டினது நான். பிலிமோனா ஒரு நாள்கூட இங்க வரல்ல."

பெயர் திருத்த என்னென்ன கடதாசி வேண்டும் என்று ரஜீவ் ஒரு தாளில் எழுத ஆரம்பித்தான்.