சாணைக்குப் போன டிரிம்மர்

என் மேசை டிராயரை இழுக்கும்போதெல்லாம் ஒரு டிரிம்மர் கடகடவென்று முன்னால் ஓடிவருகிறது. பனியனில் தொங்கும் நூலை வெட்டுகிற, விரல் நீளக் கத்தரி. கைப்பிடியில் நீல நூல் சுற்றியிருக்கும். சுற்றியவர் எங்கள் பனியன் கம்பெனியில் தைத்து வந்ததில் பழுது பார்க்கும் செக்கிங் அக்கா.

பல வருடங்களுக்கு முன், அக்காவின் காதில் ஆளில்லாமலே குரல் கேட்கத் தொடங்கியது. இரண்டு மாதம் கோயம்புத்தூரில் வைத்தியம் பார்த்து, மாத்திரையோடு வேலைக்குத் திரும்பினார். அன்று அவர் வருவதற்கு முன்பே, சூப்பர்வைசரான நான் அவருடைய டிரிம்மரை எடுத்து டிராயருக்குள் போட்டுவிட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மனநோய் என்ற சொல்லோடு கத்தி என்ற சொல்லை என் தலைக்குள் யார் சேர்த்துத் தைத்தார்கள்? எந்த சினிமா, எந்த டீக்கடை? தையல் போட்ட இடமே தெரியவில்லை. பழுதைக் காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை மட்டும் அவர் மேசையில் வைத்தேன். வெட்ட முடியாத ஒவ்வொரு நூலுக்கும் அக்கா ஓர் அம்பு ஒட்டினார். மதியத்துக்குள் வெள்ளைப் பனியன் குவியலுக்கு அம்மை போட்டிருந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "இப்படியிருந்தா பீஸ் நகராதுங்க. நாளைலருந்து அந்தம்மாவ ஊட்லயே இருக்கச் சொல்லிருங்க" என்றார்.

அது காதில் விழுந்துதான் அக்கா என்னிடம் வந்தார்.

"ஏனுங் தம்பி, என்ர டிரிம்மர் எங்கீங்க?"

"சாணை புடிக்கப் போயிருக்குதுங்க்கா."

சிரித்துவிட்டார். "டிரிம்மருக்கு ஆருங்க சாணை புடிக்கறாங்க? மொன்னையாப் போனாத் தூக்கி எறியறதுதானுங்களே."

அந்த நேரம் பார்த்து கட்டிங் மாஸ்டர், யார்மீதோ கோபத்தில், தன் பெரிய கத்தரியைத் தரையில் விசிறியடித்தார். வாரத்துக்கு இரண்டுமுறை அடிப்பார். "அதயும் சாணைக்கு அனுப்பிச்சுருங்க" என்றார் அக்கா.

வெட்கத்தையும் மீறி ஒரு கேள்வி என்னை அரித்தது. "அந்தக் கொரல் என்னங்க்கா சொல்லும்? வெட்டு, குத்துன்னா?"

"அட, இல்லீங்க. 'ஓட்டைய உட்டுட்டயே, கண்ணு எங்க போச்சு'ன்னு நாளெல்லாம் வையுமுங்க. உங்களாட்டவேதான். அதுக்குப் பயந்தது நானுங்க தம்பி. மத்தவீக எதுக்குங்க பயப்படறாங்க?"

என் கை டிராயருக்குப் போனது. அக்கா பார்த்துவிட்டார். "அது சாணை புடிச்சே வரட்டுமுங்க. அதுவரைக்கும் புதுசு ஒண்ணு குடுங்க."

கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் குவியல் கரைந்தது. மேனேஜர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்குத் தலை நரைத்துவிட்டது. அக்கா இன்றும் அதே மேசையில், அதே மாத்திரையோடு. டிராயர் சத்தம் கேட்டால் பனியனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பார்:

"வந்துருச்சுங்களா தம்பி?"

"இன்னுமில்லீங்க்கா."