அமாவாசைதோறும் வார்த்தை மாற்றிய மருதாயி அக்கா

சேதி வந்தபோது களத்தில் இருந்தவர்கள்: நான், என் மூத்த மருமகள் அஞ்சலை, சோளக்கதிர் அடித்துக்கொண்டிருந்த கொளஞ்சி, கடலை விலை பேச வந்த லப்பைக்குடிக்காட்டு மீரான் ராவுத்தர். வேறு ஒருவரும் இல்லை. பூசாரி வரப்பில் நின்றபடியே, "மருதாயி போயிட்டாங்க" என்றார். "அல்லாவே, நல்ல மனுஷியாச்சே" என்றார் ராவுத்தர். எங்கள் ஊர் வாயில் வராத சொல்லை அசலூர்க்காரர் சொல்லித்தான் கேட்டேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோன பிறகு, எங்கள் தெருவின் ஏழு வீட்டுத் தானியமும் செல்லியம்மன் கோயிலை ஒட்டிய ஒரே களஞ்சியத்தில் கிடந்தது. சாவி அக்காவிடம் இருந்தது. அவர்கள் பிள்ளை குட்டி இல்லாத கைம்பெண். திருடிக் கொடுக்க ஆள் இல்லை என்று கணக்குப் போட்டுத்தான் ஊரார் கொடுத்தார்கள்.

ஆரம்பத்தில் யார் யாரோ வந்து, "நான் இன்னார் வூட்டு மச்சான்" என்று சொல்லிச் சோளம் வாங்கிப் போனார்கள். அதற்கு அக்கா ஒரு வழி கண்டார்கள். வீட்டுக்கு ஒரு வார்த்தை. அதை அக்கா காதில் மட்டும் சொல்லிவைக்க வேண்டும். யார் வந்தாலும் அந்த வார்த்தையைச் சொன்னால்தான் மரக்கால் அசையும். அமாவாசைக்கு அமாவாசை பழைய வார்த்தை செத்துப்போகும். வீட்டு ஆள் நேரில் வந்து புதுசு சொல்ல வேண்டும். வராத வீட்டுக்கு அடுத்த அமாவாசைவரை கதவு திறக்காது. ஊர்ப் பெரியவர் நல்லுசாமியும் தலையாட்டினார்.

முதல் மாசம் ஆம்பிளைகள் எல்லாரும் மாட்டுப் பேரையே சொன்னார்கள். "ஏண்டா, உன் மாட்டை நீ கூப்பிடுற சத்தம் அரியலூர் டேசன் வரைக்கும் கேக்குது. அதைப் போயி காதுல சொல்றியா?" என்று அக்கா விரட்டினார்கள். கொளஞ்சி மறுமாசம் பெண்டாட்டி பேரைச் சொன்னானாம். "அவளை மாட்டைவிடச் சத்தமாக் கூப்பிடுறியேடா" என்றார்களாம். அவனே சொல்லிச் சிரிப்பான்.

பெரியவரின் மருமகன் ஒரு தரம் வார்த்தையை மறந்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான். "மீசைக்கெல்லாம் அளக்கறதில்லீங்க மாப்ளே" என்று அனுப்பிவிட்டார்கள். பெரியவர் அதை மறக்கவில்லை.

போன ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், எங்கள் தெருவிலேயே வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் மாமனார் செத்தார். தீட்டு வீட்டு ஆள் பதினாறு முடியாமல் கோயில் பக்கம் வரக்கூடாது. அமாவாசை கடந்தது, அவர்கள் வார்த்தை செத்தது. நான் கொடுத்த கம்பு ரெண்டு நாளைக்கு வந்தது. அப்புறம் பிள்ளைகள் கூழுக்கு அழுதன. நான் போய் அக்காவிடம் கெஞ்சினேன்.

"செத்த வார்த்தைக்கு ஒருதரம் அளந்தா, நாளைக்கு எவன் வந்தாலும் அளக்கணும்டி" என்றார்கள். சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்கள், நானும் பின்னால் போனேன். தங்கை வீட்டுப் படிக்கு வெளியே நின்று, குனிந்து காதைக் கொடுத்து, புது வார்த்தை வாங்கினார்கள். தள்ளி நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏரியில் தலைமுழுகி, ஈரச்சேலையோடு கதவைத் திறந்து அளந்து, தாங்களே சுமந்துவந்து படியில் வைத்துவிட்டு, மறுபடியும் போய் முழுகினார்கள்.

பதினாறு முடிந்ததும் பெரியவர் களஞ்சியத்தை அளந்து பார்த்துவிட்டுக் கூட்டம் போட்டார். "வார்த்தை செத்த வூட்டுச் சோளம் எங்க போச்சு?"

அக்கா நடந்ததைச் சொன்னார்கள். நானும் சொன்னேன். "உன் சாட்சி வேணாம், உன் தங்கச்சி சொல்லட்டும்" என்றார் பெரியவர். ஆமாம் என்றால் தீட்டை மீறினதற்கு அவள் வீட்டுப் பங்கையும் மூடிவிடுவார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "யாரும் வரலீங்க" என்றாள்.

"அப்ப அது என்ன வார்த்தைன்னு சொல்லு மருதாயி. அவ மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சிடும்."

"அது அவ வூட்டு வார்த்தைங்க. அடுத்த அமாவாசை வரைக்கும் உசுரோட இருக்கு. நாலு பேர் முன்னால சொல்லமாட்டேன்."

திருடி என்று சொல்லிச் சாவியைப் பிடுங்கினார்கள். அது மீசைக்கார மாப்பிள்ளை இடுப்புக்குப் போயிற்று.

அமாவாசை கழிந்து அந்த வார்த்தையும் செத்தது. "இப்பவாச்சும் ஊரைக் கூட்டிச் சொல்லுங்கக்கா" என்று அழுதேன். "அன்னைக்குக் கேட்டாங்க. இனிமே அது யாருக்குடி வேணும்?" என்றார்கள். அதன்பிறகு அவர்கள் தெருவில் தலைகாட்டவில்லை. வைத்த கஞ்சியையும் பாதி குடித்ததோடு சரி. தை பாதியில் போய்விட்டார்கள்.

திருடி என்றவர்கள் எல்லாரும் வாய்க்கரிசி போட வரிசையில் நின்றார்கள். பெரியவரும் வந்தார். அவருடையது பழைய பகை, அதை அம்மன் கேட்டுக்கொள்ளட்டும். என் தங்கையும் கைநிறைய அரிசியோடு வந்து குனிந்தாள். எத்தனை வீட்டு வார்த்தையை வெளியே விடாமல் வைத்திருந்த வாய் அது. அவள் கையைத் தட்டிவிட்டேன். அரிசி தரையில் சிதறியது. எடுக்க ஒருவரும் குனியவில்லை.

நிம்மதியாப் போங்கக்கா. உங்கள் சோற்றைத் தின்றுவிட்டு உங்களைத் திருடியாக்கினவளை நான் சாகிறவரைக்கும் மன்னிக்கமாட்டேன். ஆடியிலிருந்து என் வாயில் வராத அவள் பேரை இன்றைக்குச் சொல்கிறேன்: செல்லம்மா.