பதினேழாவது படிக்குப் பிறகு

எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் என் அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார். "பதினேழு" என்றால்தான் திரும்புவார். மாடியில் வெட்டிய துணிக்கட்டுகளைக் கீழே தையல் கூடத்துக்குச் சுமந்து இறக்குவது பதினொரு வருடமாக அவர் வேலை. முதலில் கட்டு நெஞ்சளவுதான் இருந்தது. நடை மிச்சமாகட்டும் என்று மேனேஜர் அதைக் கண்ணுக்கு மேலே உயர்த்தினார். இரண்டு கையும் கட்டில். படி எங்கே தெரியும்? அண்ணி வாய்க்குள் எண்ணிக்கொண்டே இறங்குவார். பதினேழு என்றால் தரை.

"கட்டைப் பாதியாக்குங்க சார், கால் வைக்கிற இடமே தெரியமாட்டேங்குது" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அந்த மனுஷன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் முதலாளியைப் பார்க்க வந்த ஒருவர் உயரமான கடைசிப் படியில் தடுமாறினார். விழக்கூட இல்லை. அதற்கே விடுமுறை நாளில் கொத்தனாரை வரவழைத்துக் கீழே ஒரு சின்னப் படி கட்டிவிட்டார்கள். அண்ணியிடம் ஒருத்தர்கூட மூச்சு விடவில்லை. மறுநாள் காலை அவர் பதினேழு எண்ணி, தரை வந்துவிட்டது என்று நம்பிக் காலை வீசி வைத்தார். கணுக்கால் எலும்பு முறிந்தது.

மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே ஒரு காகிதத்தோடு வந்தார். 'என் கவனக்குறைவால் விழுந்தேன்' என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் வேலை கிடையாதாம்.

"நான் சரியாத்தான் எண்ணினேன் சார்" என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் இஸ்திரி மேஜையில் நின்ற என்னை மேனேஜர் மாடிக்குக் கூப்பிட்டார். "இனிமே நீதான் கட்டு தூக்கணும்."

"தூக்கறேன் சார். முதல்ல நீங்க ஒரு நடை இறக்கிக் காட்டுங்க."

வெட்டும் மேஜைகளில் கத்தரிகள் நின்றன. அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கட்டைத் தூக்கினார். கால் படியைத் தேடியது. மூன்றாவது படியில் உடம்பு ஆடியதும் கட்டை விட்டெறிந்து, இரண்டு கையாலும் கைப்பிடியைக் கட்டிக்கொண்டார். கட்டு உருண்டு கீழே போய் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"பிடிச்சுக்கிட்டீங்களே சார்" என்றேன். "எங்க அண்ணி எந்தக் கையால பிடிச்சிருக்கணும்னு அந்தக் காகிதத்துல எழுதுங்க. நானே கையெழுத்து வாங்கித் தரேன்."