கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திட்டுகிறவர்

காரின் நான்கு கண்ணாடிகளையும் முழுக்க ஏற்றிக்கொள்கிறார். பிறகுதான் தொடங்குகிறார். "வாய்யா ராசா, வா. சிக்னல் போட்டா கை தேஞ்சிடுமா? உங்க தாத்தா போட்ட ரோடுதானே!" தடம் மாறிக் குறுக்கே நுழைந்த காருக்கு இதில் ஓர் எழுத்தும் கேட்காது. கேட்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடே.

அவர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் ஈறு பிடித்து, பல் பதித்து, தேய்த்து மெருகேற்றி, டப்பாவில் போட்டுத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். முன் இருக்கையும் அதன் சீட் பெல்ட்டும் டப்பாவுக்கு. மனைவிக்குப் பின் இருக்கைதான். "பல்லு விழுந்தா திரும்பச் செய்யணும். நீ எங்க விழப்போறே?" என்பது அவருடைய நியாயம்.

காருக்கு வெளியே அவரைப் போன்ற சாது கிடையாது. தன் பல் லேப் வாசலை மறித்து வண்டி நிறுத்துகிறவனிடம்கூட "பரவாயில்ல சார், இருங்க" என்பார். வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால் ஓரடி பின்வாங்கி இடம் கொடுப்பார். அத்தனையையும் சேர்த்துவைத்து, கண்ணாடி ஏறியதும் கொட்டிவிடுவார். முன் வண்டிக்குப் பின்னால் அவர் முறையாக இடைவெளி விட, ஊரே அதில் வந்து நுழையும். "இடம் விட்டா இளிச்சவாயனா? பல்லு செய்யறவன்கிட்டயே பல்லக் காட்டிட்டுப் போறான் பாரு!" இதைக் கேட்டபடியே மனைவி தூங்கிவிடுவார். மகள் ஒருநாளும் தூங்கியதில்லை.

அந்த மகளுக்கு ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். விடிவதற்குள் போயாக வேண்டிய வேலை. அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. லைசென்ஸ் கையில் இருக்கிறது, கார் வாசலில் நிற்கிறது. அவளோ சாவியைத் தொட மாட்டேன், வேலையே வேண்டாம் என்கிறாள். சனிக்கிழமை மனைவி வந்து சொன்னதும் அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ரோட்டப் பாத்து பயமா, பாப்பா?"

"ரோட்டப் பாத்து இல்லப்பா." அவள் தயங்கினாள். "சின்ன வயசுலேருந்து பின் சீட்ல உக்காந்து நீங்க திட்டறத கேட்டே வளந்தேன். ஸ்டியரிங்கப் பிடிச்சா, சுத்தி இருக்கற ஒவ்வொரு கார்லயும் நீங்களே உக்காந்து என்னத் திட்டற மாதிரி இருக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. தன் குரல் ஒருவர் மனதையும் நோகடிக்கவில்லை என்றல்லவா இத்தனை வருடம் நிம்மதியாக இருந்தார்!

"வா, நீ ஓட்டு, பாலம் வரைக்கும் போயிட்டு வரலாம். நான் வாயே தொறக்கல."

அன்று சாயங்காலம் பல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பாலத்துக்குச் சற்று முன்னால் இரண்டு தடங்களும் ஒன்றாகும். அவள் சிக்னல் போட்டுக் காத்திருந்தாள். ஒருவரும் விடவில்லை. பின்னால் ஹாரன் அலறியது. அவருக்குத் திட்டு நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டார்.

"முடியலப்பா. நீங்களே ஓட்டுங்க."

அவர் பக்கத்துத் தடத்துக் காரைப் பார்த்தார். ஏற்றிய கண்ணாடிக்குள் அவர் வயதுக்காரர் ஒருவர். சத்தமே இல்லை, வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்ன வார்த்தைகள் என்று இவருக்கா தெரியாது?

கண்ணாடியை இறக்கினார். கையை வெளியே நீட்டி, "சார், பொண்ணு புதுசா ஓட்டுது. கொஞ்சம் விடுங்க சார்!" என்று உரக்கக் கேட்டார்.

அசைந்த வாய் நின்றது. காரும் நின்றது. மகள் மெல்ல உள்ளே நுழைந்து பாலத்தில் ஏறினாள். பாலம் முடிந்து மறுகரை வந்த பிறகும், நன்றி சொல்லத் தூக்கிய கையை அவர் உள்ளே எடுக்கவில்லை.