கவியரசனுக்குக் கண்ணீர் அஞ்சலி

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் வழி முழுக்கப் பகலவன் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினான். அன்று எடுத்த காட்சி அவ்வளவு நன்றாக வந்திருந்தது. ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து கவியரசன் செத்துப்போகிற காட்சி. திரும்பத் திரும்ப விழ வைத்து எடுத்ததில், பின்னால் உட்கார்ந்திருந்த கவியரசனுக்கு முழங்கை எரிந்துகொண்டிருந்தது. அடிவாரத்தில் கோமுகி அணையைத் தாண்டியதும் சிக்னல் கிடைத்தது. கவியரசனின் சட்டைப் பையிலிருந்த போன் அதிர ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

எடுத்துப் பார்த்தான். கைகூப்பிய படங்கள், மெழுகுவத்திகள், 'உன்னை மறக்க மாட்டோம் நண்பா'. அதற்குக் கீழே யாரோ அனுப்பிய ஒரு போட்டோ. சுவரில் ஒரு போஸ்டர். மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் அவன் முகம், கீழே அவன் பெயர்.

"மச்சான், வண்டிய நிறுத்து."

"இன்னாடா?"

"நான் செத்துட்டேன்டா."

"அதான் எடுத்தாச்சே. சூப்பரா செத்த."

"டேய், நிறுத்துடா!"

கவியரசன் கள்ளக்குறிச்சியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். பகலவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இருவரும் சேர்ந்து யூடியூபில் 'ரெண்டும் தேறாது' என்று ஒரு தொடர் போடுகிறார்கள். எதைத் தொட்டாலும் சொதப்புகிற இரண்டு நண்பர்களின் கதை. சொந்தப் பெயரிலேயே நடிக்கிறார்கள். யோசனை சொல்வது பகலவன், அடிபடுவது கவி. சாணிக் குழியில் விழுந்தவனும், ஆட்டிடம் முட்டு வாங்கியவனும், கல்யாணப் பந்தியில் இலையோடு தூக்கி வெளியே போடப்பட்டவனும் கவிதான். கேன் இறக்கப் போகிற வீடுகளில், "இந்த வாரம் எதுல வுழப் போற?" என்று கேட்பார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன்பு கேன்காரனின் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

கவி செத்துவிட்டதாகச் சொல்லிப் பகலவன் ஊரில் வசூல் பண்ணுவது அடுத்த கதை. அதற்குத்தான் போஸ்டர். அடித்து வைக்கச் சொல்லிப் பழனியின் அச்சகத்துக்கு வாட்ஸப்பில் படத்தை அனுப்பிவிட்டுக் காலையில் மலை ஏறியிருந்தார்கள்.

பகலவன் ஸ்பீக்கரில் பழனியைக் கூப்பிட்டான். "அண்ணே, யாரு ஒட்டச் சொன்னது?"

"இன்னா தம்பி இப்பிடிக் கேக்கற? அஞ்சலின்னா அடிக்கிறது, ஒட்டறது எல்லாம் சேத்துதான். எழவு வூட்டுல போயி ஒட்டட்டுமான்னு கேட்டுக்கினு இருப்பாங்களா? ஸ்டாண்டுலேந்து கச்சிராயபாளையம் வரிக்கும் பளிச்சுனு ஒட்டியாச்சு. நல்ல புள்ள, பாவம். எப்ப எடுக்கறீங்க?"

"எடுக்கறதா? அவன் எம் பின்னாடிதாண்ணே குந்திக்கினு இருக்கான்!"

"அப்ப கிழிக்கணுமா?" என்றார் பழனி.

ஊர் என்ன நினைத்தாலும் கவிக்குக் கவலையில்லை. அவன் பயந்தது அம்மாவை நினைத்து. இரண்டாயிரத்து இருபத்துநான்கில் கருணாபுரத்தில் சாராயம் குடித்தவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, அவன் அப்பாவும் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு வீடு சாவு விழுந்த அந்தக் குழப்பத்தில் தெருப் பையன்கள் அவர் படத்தையும் சேர்த்து அடித்து ஒட்டிவிட்டார்கள். அப்போது அவருக்கு மூச்சு இருந்தது. மறுநாள் இல்லை. சுவரில் ஏற்றியதால்தான் போனார் என்று அம்மா தைலம்மாள் இன்றுவரை நம்புகிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படம் போதும்.

அன்று அவள் கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தாள். வெட்டுக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். ஒரு போன் வாய்க்காலில் விழுந்ததிலிருந்து அப்படித்தான். கூப்பிட வழியில்லை.

நேராக அந்த வயலுக்குப் போனார்கள். வெட்டு ஆட்கள் யாரும் இல்லை. கட்டு ஏற்றிக்கொண்டிருந்த டிராக்டர்காரர், "அப்பவே பஸ் ஏறிட்டாங்களே" என்று சொல்லிவிட்டுத்தான் கவியின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கட்டைக் கீழே போட்டார்.

"புடி மச்சான், பஸ்ஸ புடி."

கச்சிராயபாளையம் கடைத்தெருவில் முதல் போஸ்டர் இருந்தது. கவி குதித்து இறங்கிக் கிழித்தான். மைதா பசை ஈரமாகவே இருந்தது. அடுத்தது பத்தடி தள்ளி. அதற்கடுத்தது டீக்கடைச் சுவரில். ஒவ்வொன்றுக்கும் நின்றால் பஸ் போய்விடும். நிற்காமல் போனார்கள். வழியெல்லாம் அவனே அவனைப் பார்த்துச் சிரித்தான். பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள்? எப்போதும் ஜன்னல் ஓரம்தான் உட்காருவாள். காற்று வேண்டும் அவளுக்கு.

"தூங்கிக்கினு இருப்பாங்கடா. வெட்டுக்குப் போன ஒடம்பு" என்றான் பகலவன். அவன் குரலில் சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

"பேசாம ஓட்டு."

கள்ளக்குறிச்சி எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் கண்ணில் பட்டது. பகலவன் ஹாரனை அழுத்திக்கொண்டே பக்கத்தில் ஒட்டிப் போனான். கவி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தான். பின் சீட்டில் அம்மாவோடு வெட்டுக்குப் போகும் பாப்பாத்தி அழுதுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அழுகை நின்றது. அடுத்த நொடி பஸ்ஸே அதிர அலறினாள்.

டிரைவர் ஓரங்கட்டினார். "அத்த, நான் சாவல. அம்மா எங்க?" என்று கவி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

பாப்பாத்தி அவன் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அடப்பாவி! பாலத்துக்கிட்டயே எறங்கிட்டாடா. ஒம் படத்தப் பாத்ததும் பஸ்ஸ நிறுத்துன்னா. நானும் வரேன்னு எந்திரிச்சேன், யாரும் வரக்கூடாதுன்னுட்டா. கத்திய எடுத்துக்கினு போயிட்டாடா!"

பஸ்ஸையே பார்த்துக்கொண்டு வந்ததில் பாலத்தை அவர்கள் கவனிக்கவே இல்லை. வண்டியைத் திருப்பினார்கள். பாலத்துக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று கவி யோசித்தான். பிறகு அதை யோசிக்காமல் இருக்க முயன்றான்.

பாலத்தை ஒட்டிய மதகுச் சுவருக்கு முன்னால் தைலம்மாள் நின்றிருந்தாள். கரும்புக் கத்தியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். படம் ஏற்கெனவே இல்லை. அது இருந்த இடத்தில் சுண்ணாம்பும் பெயர்ந்து செங்கல் தெரிந்தது. இப்போது எழுத்துகளில் இறங்கியிருந்தாள்.

"யம்மா."

கத்தி நின்றது. அவள் திரும்பவில்லை.

"யம்மா, நான்தான். அது கதைக்கு அடிச்சதும்மா."

"கையக் குடு" என்றாள், சுவரைப் பார்த்தபடியே. இடது கையை மட்டும் பின்னால் நீட்டினாள். பசையும் சுண்ணாம்புமாக இருந்த அந்தக் கைக்குள் அவன் கையை வைத்தான். விரலை மணிக்கட்டுக்கு நகர்த்தி, அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். அதன் பிறகுதான் திரும்பினாள். திரும்பியதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓங்கி ஓர் அறை விட்டாள். மணிக்கட்டை விடவில்லை.

பிறகு பகலவனைப் பார்த்தாள். "ஒன் படத்த ஏன்டா போடல?"

"அவன் மூஞ்சியப் பாத்தாதாம்மா சனங்க சிரிக்குது."

"எனக்கு இருக்கறது அந்த ஒரு மூஞ்சிதான்டா."

பகலவன் தலை கவிழ்ந்தது. "எல்லாத்தையும் கிழிச்சிடறோம்மா. இருட்டறதுக்குள்ள."

"கிழிச்சா? பாத்தவன் கண்ணுலேந்து எப்பிடிக் கிழிப்ப? அதே செவுத்துல, அதே எடத்துல, இவனுக்குப் பொறந்த நாளுன்னு அடிச்சு ஒட்டு."

"எனக்கு ஆடியிலம்மா பொறந்த நாளு" என்றான் கவி.

"பெத்தவ நானா, நீயா? இன்னிக்குத்தான்."

பகலவன் போனை எடுத்தான். "அண்ணே, அதே படம்தான். மேல மட்டும் பிறந்தநாள் வாழ்த்துன்னு மாத்துங்க."

"ஒட்டணுமா, வேணாமா? இப்பவே சொல்லிடு தம்பி" என்றார் பழனி.

"ஒட்டச் சொல்லு" என்றாள் தைலம்மாள். "ஒட்டறத நின்னு பாக்கணும் நான்."

மூன்று பேருமாக வண்டியில் ஏறினார்கள். நடுவில் கவி. அவன் மணிக்கட்டில் அம்மாவின் கை, பசை காய்ந்து, அப்படியே ஒட்டியிருந்தது.